இங்கிலாந்தின் கவுன்சில் வீடுகள்: பணம் எங்கிருந்து வருகிறது, யார் நடத்துகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சில் குடியிருப்பில் வசிக்கிறேன். எங்கள் வளாகத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு வரும் கடிதங்களையும் கணக்குகளையும் படித்துச் சொல்வது என் பொறுப்பு. ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் இருக்கும் தமிழர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். கேட்பவர்களில் கவுன்சில் வீட்டில் இருப்பவர்கள் உண்டு, அதை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு, பட்டியலில் பல வருடமாகக் காத்திருப்பவர்களும் உண்டு. இந்தப் பதில்கள் இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் சட்டம் வேறு.

கவுன்சில் வீடு யாருடைய சொத்து?

உள்ளூர்க் கவுன்சிலின் சொத்து. வீட்டின் உரிமையாளரும் அதுவே, வாடகை வாங்குவதும் அதுவே, பழுது பார்க்க வேண்டிய கடமையும் அதற்கே. இன்று இங்கிலாந்துக் கவுன்சில்களிடம் சுமார் 16 லட்சம் வீடுகள் இருக்கின்றன. இலாப நோக்கில்லாத ஹவுசிங் அசோசியேஷன்களிடம் அதைவிட அதிகம். இரண்டையும் சேர்த்தே சமூக வீடுகள் என்கிறார்கள்.

இது நேற்று முளைத்த ஏற்பாடு இல்லை. லண்டன் கவுண்டி கவுன்சில் ஷோர்டிச்சில் ஒரு பெரிய சேரியை இடித்துவிட்டுக் கட்டிய பவுண்டரி எஸ்டேட் 1900இல் திறக்கப்பட்டது. இடித்த சேரியின் கல்லையும் மண்ணையும் நடுவில் மேடாகக் குவித்து, அதன்மேல் ஒரு சிறு தோட்டமும் இசை மண்டபமும் அமைத்தார்கள். அந்த மேடு இன்றும் அப்படியே இருக்கிறது. சுற்றியுள்ள செங்கல் கட்டடங்களில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்ததும் 1919இல் வந்த சட்டம், வீட்டுத் தேவையைக் கணக்கெடுத்துக் கட்டுவதைக் கவுன்சில்களின் கடமையாக்கியது. அதற்கு அரசின் மானியமும் கொடுத்தது. 1970களின் இறுதியில் பிரிட்டனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் கவுன்சில் வீட்டில் வாழ்ந்தது.

எல்லாக் கவுன்சில்களிடமும் வீடுகள் இருக்கின்றனவா?

இல்லை. கவுண்டி கவுன்சில்களுக்கு வீட்டுப் பொறுப்பே கிடையாது. மாவட்ட, நகர, லண்டன் பரோ கவுன்சில்களுக்கும், எல்லாச் சேவையையும் ஒரே அமைப்பாக நடத்தும் யூனிட்டரி கவுன்சில்களுக்கும்தான் அது உண்டு. அவற்றிலும் பல, 1988க்குப் பிறகு குடியிருப்போரின் வாக்கெடுப்பு நடத்தித் தம் வீடுகள் முழுவதையும் ஹவுசிங் அசோசியேஷன்களுக்கு மாற்றிவிட்டன.

இதெல்லாம் என் கவுன்சில் வரியில் நடப்பதுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

வீடு வைத்திருக்கும் கவுன்சில் இரண்டு கணக்குகளை நடத்துகிறது. ஒன்று பொதுக் கணக்கு. கவுன்சில் வரி, வணிக வரியின் பங்கு, அரசு மானியம் எல்லாம் அதில் சேர்ந்து, குப்பை அள்ளவும் நூலகம் நடத்தவும் முதியோரைப் பராமரிக்கவும் செலவாகின்றன. மற்றது வீட்டு வருவாய்க் கணக்கு; அலுவலகத்தில் எச்.ஆர்.ஏ. என்பார்கள். 1989ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவரை எழுப்பியது. குடியிருப்போர் கட்டும் வாடகை வீட்டுக் கணக்கில்தான் சேரும், வீடுகளுக்குத்தான் செலவாகும். கவுன்சில் வரியை எடுத்து வீட்டுக் கணக்கைத் தாங்கவும் முடியாது. வாடகையை எடுத்துப் பொதுக் கணக்கின் ஓட்டையை அடைக்கவும் முடியாது. வீட்டுக் கணக்கில் துண்டு விழும்படி பட்ஜெட் போடவும் சட்டம் இடம் தரவில்லை.

2023 செப்டம்பரில் பர்மிங்காம் மாநகரக் கவுன்சில், செலவைச் சமாளிக்க வழியில்லை என்று 114ஆம் பிரிவு அறிவிப்பு வெளியிட்டது. நாட்டிலேயே அதிக வீடுகள், சுமார் 60,000, வைத்திருக்கும் கவுன்சில் அது. அத்தனை பெரிய வாடகை வருமானம் கையில் இருந்தும், பொதுக் கணக்கின் நெருக்கடிக்கு அதை எடுக்க முடியாது.

'குடியிருப்பவர்களின் வாடகையை அரசின் உதவித்தொகைதானே கட்டுகிறது' என்று அடுத்த கேள்வி வரும். பலருக்கு அது உண்மை. ஹவுசிங் பெனிஃபிட்டும் யூனிவர்சல் கிரெடிட்டும் அரசின் பணம். ஆனால் அதே உதவித்தொகை தனியார் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் போகிறது. அங்கே வாடகை கூடுதல், போகும் பணமும் வீட்டு முதலாளியோடு போய்விடுகிறது. கவுன்சில் வீட்டுக்கு வரும் பணமோ கூரை மாற்றவும் பாய்லர் போடவும் பொதுச் சொத்தாகவே தங்குகிறது. வேலைக்குப் போய்த் தம் சம்பளத்தில் முழு வாடகையும் கட்டும் குடும்பங்கள் எங்கள் மாடியிலேயே பல இருக்கின்றன. அவர்களைப் பார்த்து 'ஓசி வீடு' என்று நம்மவர்களே சொல்லும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது.

அந்தச் சுவரில் ஓரிடத்தை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். வளாகத்துப் புல்லை வெட்டும் பூங்காத் துறை, கண்காணிப்புக் கேமரா, சட்டப் பிரிவு, கணினிப் பிரிவு போன்றவற்றின் செலவில் ஒரு பங்கை வீட்டுக் கணக்கின் தலையில் எழுதலாம். எவ்வளவு நியாயம் என்பதில்தான் தகராறு. வீட்டுக் கணக்கின் பட்ஜெட் குளிர்காலத்தில் கவுன்சில் கூட்டத்துக்கு வரும். ஆவணம் இணையத்தில் கிடைக்கும். அந்தப் பங்கு சென்ற ஆண்டைவிட ஏன் கூடியது என்று கேட்க ஒவ்வொரு குடியிருப்பாளருக்கும் உரிமை உண்டு.

வாடகையை என் கவுன்சில்தானே முடிவு செய்கிறது?

பெயரளவில் ஆம். கவுன்சில் கூட்டம்தான் தீர்மானம் போடுகிறது. ஆனால் அதன் கைக்கு எட்டும் எல்லையை வகுப்பது வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் மத்திய அரசு.

சமூக வாடகைக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அந்தப் பகுதியின் சம்பள நிலை, படுக்கையறைகளின் எண்ணிக்கை, வீட்டின் மதிப்பு ஆகியவை அதில் சேரும். வீட்டின் மதிப்பு என்றால் இன்றைய மதிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். 1999 ஜனவரியில் அது என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு. லண்டனில் வீட்டு விலை எங்கோ போய்விட்ட பிறகும் கவுன்சில் வாடகை ஓரளவு எட்டும் தூரத்தில் இருப்பதற்கு இந்தப் பழைய தேதியும் ஒரு காரணம்.

ஆண்டு உயர்வுக்கும் விதி உண்டு. முந்தைய செப்டம்பரின் விலைவாசி உயர்வு விகிதத்தோடு ஒரு சதவீதம் சேர்த்து, ஏப்ரலில் அந்த அளவு வரை கூட்டலாம். 2024 செப்டம்பரில் விலைவாசி உயர்வு 1.7 சதவீதம், அதனால் 2025 ஏப்ரலில் வாடகை 2.7 சதவீதம் வரை கூடியது. 2022இல் விலைவாசி 10.1 சதவீதம் ஏறியபோது விதிப்படி 11.1 சதவீதம் கூட்டியிருக்கலாம். அரசு தலையிட்டு 7 சதவீதத்தில் நிறுத்தியது. குடியிருப்பவருக்கு அது பெரிய ஆறுதல்தான். ஆனால் கவுன்சிலுக்குச் சிமெண்டும் கூலியும் ஏழு சதவீதத்தோடு நிற்கவில்லை. விடுபட்ட தொகையை அரசு ஈடுகட்டவும் இல்லை.

'அஃபோர்டபிள் ரென்ட்' என்ற பெயரைக் கண்டால் கவனம் தேவை. 2011இல் வந்த இந்த வகையில், சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை வாங்கலாம். சமூக வாடகையைவிட அது மிகவும் கூடுதல். வீட்டு விளம்பரத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும், பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

கவுன்சில்களுக்கு இவ்வளவு கடன் எப்படி வந்தது?

கட்டுவதற்கு வாங்கிய கடன் ஒரு பகுதி. 2012இல் வந்து சேர்ந்தது இன்னொரு பகுதி. அதற்கு முன்னால் நாடு முழுவதும் உள்ள வீட்டுக் கணக்குகளை அரசு ஒரே தொகுப்பாகப் பார்த்தது. உபரி உள்ள கவுன்சில் கொடுக்க வேண்டும், பற்றாக்குறை உள்ள கவுன்சில் பெறும். தம் குடியிருப்போரின் வாடகை வேறு ஊருக்குப் போகிறது என்று பல கவுன்சில்கள் பல்லாண்டு முறையிட்டன. 2012இல் அந்த ஏற்பாட்டை நிறுத்தி, 'இனி உங்கள் வாடகை உங்களுக்கே' என்றது அரசு. அதற்கு விலையாக 136 கவுன்சில்கள் சுமார் 1,300 கோடி பவுண்டு கடன் வாங்கி அரசுக்குக் கட்டின. மிக அதிகக் கடன் இருந்த வேறு சில கவுன்சில்களின் சுமையை அரசு குறைத்தது.

இந்த இடத்தில்தான் என் கோபம். அடுத்த 30 ஆண்டுகளுக்கு வாடகை இன்ன விகிதத்தில் ஏறும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கடன் தொகையை நிர்ணயித்தார்கள். பிறகு சூத்திரத்தை மாற்றி, 2015 முதல் பத்து ஆண்டுகளுக்கு இதுவே நிலையான விதி என்றார்கள். அந்த உறுதி ஒரே ஆண்டுதான் நின்றது. 2015 ஜூலை பட்ஜெட்டில் அறிவித்து, 2016 முதல் நான்கு ஆண்டுகள், ஆண்டுக்கு ஒரு சதவீதம் வாடகையைக் குறைக்கச் சட்டம் போட்டார்கள். கடன் மட்டும் ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. உதவித்தொகைச் செலவு குறைந்ததால் இலாபம் அரசுக்கு. தள்ளிப்போடப்பட்ட கூரை வேலையும் ஜன்னல் மாற்றமும் நமக்கு. இன்று பல வளாகங்களில் லிஃப்ட் அடிக்கடி நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2025இல், 2026 ஏப்ரல் முதல் பத்து ஆண்டுகளுக்கு மீண்டும் விலைவாசியோடு ஒரு சதவீதம் என்று அரசு அறிவித்திருக்கிறது. இந்த முறையாவது அந்த வாக்கு நிற்க வேண்டும்.

வாடகைக் கடிதத்தில் இத்தனை வரிகள் எதற்கு?

ஏப்ரலுக்குச் சில வாரங்களுக்கு முன் வரும் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள். முதல் வரி அடிப்படை வாடகை. அதன்கீழ் சர்வீஸ் சார்ஜ் தனியாக இருக்கும்: படிக்கட்டுத் துப்புரவு, வளாகக் காவலாளர், பொது விளக்கின் மின்சாரம், தோட்டம். சில வளாகங்களில் பொது பாய்லரிலிருந்து வரும் வெப்பத்துக்கும் வெந்நீருக்கும் ஒரு வரி. சர்வீஸ் சார்ஜுக்கு மேலே சொன்ன உச்சவரம்பு அப்படியே பொருந்தாது. ஆன செலவுக்கு ஏற்ப அது ஏறலாம். உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: உங்கள் சொந்த வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்கும் வெந்நீருக்கும் அந்தத் தொகை கிடைக்காது.

பல கவுன்சில்கள் ஆண்டு வாடகையை 52 வாரத்துக்குப் பதில் 48 வாரங்களுக்குப் பிரித்து வாங்குகின்றன. கிறிஸ்துமஸ் சமயத்திலும் மார்ச் கடைசியிலும் 'வாடகை இல்லாத வாரம்' வருவது அதனால்தான். ஆண்டு மொத்தத்தில் சலுகை ஏதும் இல்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் அந்த வாரங்களிலும் கட்டிவந்தால் பாக்கி குறையும்.

புதிய வீடு கட்டப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. கவுன்சில் அரசின் பொதுப்பணிக் கடன் வசதியிலிருந்து நீண்டகாலக் கடன் வாங்கும். வரப்போகும் வாடகையிலிருந்து வட்டியைக் கட்டும். வீட்டுக் கணக்கின் பேரில் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு இருந்த உச்சவரம்பு 2018 அக்டோபரில் நீக்கப்பட்டது. கடனோடு மானியமும் சேரும். லண்டனில் மேயரின் அமைப்பு வழியாகவும் மற்ற இடங்களில் அரசின் வீட்டு நிதி அமைப்பான ஹோம்ஸ் இங்கிலாந்து வழியாகவும் அது வருகிறது. 2026 முதல் பத்து ஆண்டுகளுக்கு 3,900 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறார்கள். சுமார் 3 லட்சம் வீடுகள் இலக்கு. அவற்றில் 60 சதவீதமாவது சமூக வாடகைக்கு என்கிறது அரசு. இவை தவிர விற்ற வீடுகளின் பணம் உண்டு. தனியார் கட்டுநருக்கு அனுமதி தரும்போது, 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தின்படி கேட்டு வாங்கும் வீடுகளும் உண்டு.

பழைய வளாகத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டங்களை நான் எளிதில் நம்புவதில்லை. லண்டனின் சதக் பகுதியில் இருந்த ஹெய்கேட் எஸ்டேட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. அவற்றை இடித்துவிட்டு எழுப்பிய புதிய வளாகத்தில் சமூக வாடகை வீடுகள் மிகச் சிறு பங்குதான். இப்போது லண்டனில் மேயரின் நிதியைப் பெற்று இடித்துக் கட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் குடியிருப்போரின் வாக்கெடுப்பு தேவை. உங்கள் வளாகத்துக்கு அப்படி ஒரு சீட்டு வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

'ரைட் டு பை' திட்டத்தில் வாங்குவது இன்னும் இலாபமா?

முன்போல் இல்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பவரே வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்தது. அடுக்குமாடி வீட்டுக்கு ஒரு கட்டத்தில் 70 சதவீதம் வரைகூடத் தள்ளுபடி இருந்தது. அன்று முதல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் விற்கப்பட்டுவிட்டன. 80களிலும் 90களிலும் போருக்குத் தப்பி வந்து, ஒரு கவுன்சில் வீட்டில் கால் ஊன்றி, அதையே வாங்கிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சட்டம் கொடுத்த உரிமையைப் பயன்படுத்தினார்கள். குறை, விற்ற பணத்தைக் கட்டுவதற்கு விடாத அரசுகள்மேல். 2004 முதல் 2012 வரை அந்தப் பணத்தில் நான்கில் மூன்று பங்கு அரசின் கஜானாவுக்குப் போனது. விற்ற வேகத்துக்கு ஈடாகக் கட்டவே இல்லை. விற்ற வீடுகள் பல கைமாறித் தனியார் வாடகைக்குப் போயின. அவற்றில் சிலவற்றை அதே கவுன்சில்கள் வீடற்ற குடும்பங்களுக்காகக் கூடிய வாடகை கொடுத்து எடுக்கின்றன.

2024 நவம்பர் 21 முதல் உச்சத் தள்ளுபடி பகுதிக்கேற்ப 16,000 பவுண்டிலிருந்து 38,000 பவுண்டு வரைதான். அதற்கு முன் லண்டனில் அது 1,36,400 பவுண்டு. விற்ற பணம் முழுவதையும் இனிக் கவுன்சிலே வைத்துக்கொள்ளலாம். வாங்குவதற்கு 3 ஆண்டு குடியிருந்தால் போதும் என்பதை 10 ஆண்டாக உயர்த்தப்போவதாகவும் 2025இல் அரசு அறிவித்தது. விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைச் சரிபாருங்கள்.

அடுக்குமாடியில் வாங்கினால் நீங்கள் லீஸ்ஹோல்டர், அதாவது நீண்டகாலக் குத்தகை உரிமை உள்ளவர்; கட்டடம் கவுன்சிலுடையதே. கூரை, லிஃப்ட், வெளிச்சுவர் வேலைகளில் உங்கள் பங்கைக் கட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் பில் வரும். ஒருவரின் பங்கு 250 பவுண்டைத் தாண்டும் வேலையானால், 20ஆம் பிரிவின்படி முன்கூட்டியே அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் வந்த அன்றே படியுங்கள். எதிர்ப்பைச் சொல்ல 30 நாள்தான்.

யாருக்கு வீடு கிடைக்கும்? அகதிகளுக்கு வந்தவுடன் கொடுக்கிறார்களாமே?

அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பவருக்குக் கவுன்சில் பட்டியலில் இடமே இல்லை. அவர்களை உள்துறை அமைச்சகம் தன் ஒப்பந்ததாரர்கள் மூலம் தங்கவைக்கிறது. மாணவர் விசா, வேலை விசாவில் பொது நிதி கோரக் கூடாது என்ற நிபந்தனை இருந்தால் அவர்களுக்கும் இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள், நிரந்தர வதிவிட உரிமை பெற்று இங்கே வாழ்பவர்கள் விண்ணப்பிக்கலாம். அதன்பிறகும் மற்ற எல்லோரையும் போல வரிசைதான்.

வரிசையில் முன்னுரிமை, வீடற்றவர்கள், நெரிசலான அல்லது சுகாதாரமற்ற வீட்டில் இருப்பவர்கள், மருத்துவக் காரணம் உள்ளவர்கள் ஆகியோருக்கு. இது 1996ஆம் ஆண்டுச் சட்டம். 2011க்குப் பிறகு, இந்தப் பகுதியில் இத்தனை ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும் என்று கவுன்சில்கள் சொந்த விதியும் போடலாம். பல இடங்களில் 'பிட்' முறை: காலியாகும் வீடுகளின் பட்டியலைப் பார்த்து விருப்பம் தெரிவிக்க வேண்டும், உயர்ந்த பேண்டில் (முன்னுரிமைப் படிநிலையில்) அதிக நாள் இருப்பவருக்குக் கிடைக்கும். இங்கிலாந்தில் சுமார் 13 லட்சம் குடும்பங்கள் இந்தப் பட்டியல்களில் இருக்கின்றன. மூன்று படுக்கையறை வீட்டுக்கு லண்டனில் பத்து ஆண்டுக்கு மேல் காத்திருப்பது சாதாரணம். குழந்தை பிறந்தாலோ உடல்நிலை மாறினாலோ உடனே தெரிவித்துவிடுங்கள். உங்கள் பேண்ட் அதனால் மாறலாம்.

வீடற்ற குடும்பங்களைத் தங்கவைக்கும் தற்காலிகத் தங்குமிடத்தின் செலவு யாருடையது?

இது பொதுக் கணக்கில் விழுகிறது. ஆகவே இங்கேதான் உங்கள் கவுன்சில் வரிக்கு வேலை. 2023–24இல் இங்கிலாந்துக் கவுன்சில்கள் இதற்குச் சுமார் 230 கோடி பவுண்டு செலவழித்தன. இந்தச் செலவில் அரசு திருப்பித் தரும் உதவித்தொகையை 2011 ஜனவரி வாடகை நிலவரத்தை வைத்தே இன்னும் கணக்கிடுகிறார்கள். இன்றைய வாடகைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவுன்சிலே சுமக்கிறது. கவுன்சில் வீடு கட்டாமல் மிச்சப்படுத்தியதாக நினைத்த பணம் இப்படித்தான் வெளியே போகிறது. 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படித் தங்கியிருக்கின்றன. ஓர் அறையில் சமையலும் படிப்பும் தூக்கமுமாக வளரும் பிள்ளைகள் அவற்றில் ஏராளம்.

என் வளாகத்தை நடத்துவது கவுன்சிலா, வேறு நிறுவனமா?

சில இடங்களில் கவுன்சிலே நேரடியாக நடத்தும். சில இடங்களில் அதற்கென்றே கவுன்சில் தொடங்கிய தனி நிறுவனம் நடத்தும். சிலவற்றில் குடியிருப்போர் மேலாண்மை அமைப்பு. யார் நடத்தினாலும் சட்டப்படி பொறுப்பு உரிமையாளரான கவுன்சிலுக்கே. 2017 ஜூன் 14 அன்று தீயில் 72 உயிர்களைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரம் கென்சிங்டன்–செல்சி கவுன்சிலின் சொத்து. நடத்தியது ஒரு தனி மேலாண்மை அமைப்பு. அங்கே குடியிருந்தவர்கள் தீப்பாதுகாப்பு பற்றி முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்தத் தீ விபத்தின் விளைவாகவே 2023இல் புதிய சமூக வீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2024 ஏப்ரல் முதல் ஒழுங்குமுறை அமைப்பு கவுன்சில்களையும் ஆய்வு செய்து சி1 (சிறந்தது) முதல் சி4 (மோசமானது) வரை தரம் போடுகிறது. உங்கள் கவுன்சிலின் தரத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள்.

சுவரில் பூஞ்சை. பலமுறை சொல்லியும் ஆள் வரவில்லை. என்ன செய்வது?

ரொச்டேலில் பூஞ்சை படர்ந்த ஒரு ஹவுசிங் அசோசியேஷன் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை 2020இல் இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரால் வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாளுக்குள் வந்து ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு தங்குமிடம் தர வேண்டும். 'நீங்கள் சமைக்கும் ஆவியால்தான் வருகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்று சொல்லி அனுப்பிவிட்டால் அதை ஆய்வாக ஏற்காதீர்கள்.

தொலைபேசியில் மட்டும் சொல்லாதீர்கள். தேதியுடன் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பி, பழுது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால் முதல் வரியிலேயே எழுதுங்கள். வேலை நடக்காவிட்டால் 'இது முறைப்பாடு' என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள். அது கிடைத்ததை 5 வேலை நாளுக்குள் ஒப்புக்கொண்டு, அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் போதவில்லை என்றால் இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு 20 வேலை நாள். அதுவும் பயன்படாவிட்டால், இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் சுதந்திர அமைப்பான ஹவுசிங் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். முறைப்பாடு செய்ததற்காக உங்களை வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது.